அளவறிந்த குளிர்



சிலமலையிலே வெயில் சுடும்; போடிமெட்டுப் பாதையில் ஏற ஏறக் காற்றுக் குளிரும். அம்மலைச் சரிவில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றினுள் ஒருமுறை நின்றிருந்தேன். உஷ்ணம் குறைந்தால் காய் உலராது. மிகுந்தால் பச்சை நிறம் கெடும், விலையும் விழும். வெப்பம் தருவது எளிது, அதை அளவாகத் தருவதே அரிது என்று அன்று உணர்ந்தேன். விஞ்ஞானிகளையும் இந்த அளவுப் பிரச்சினையே நெடுங்காலம் வாட்டியது.

1834-ஆம் ஆண்டில் பெல்டியே என்ற பிரெஞ்சு அறிஞர், இரு வேறு உலோகங்களை இணைத்து மின்சாரம் செலுத்தினார். ஓர் இணைப்புக் குளிர்ந்தது; மற்றொன்று சூடேறிற்று. 1838-இல் லென்ஸ் என்பார் பிஸ்மத், ஆன்டிமனி ஆகியவற்றின் இணைப்பில் ஒரு துளி நீரை உறையவைத்தார். மின்னோட்டத்தைத் திருப்பியதும் பனி உருகிற்று. இங்கே குளிர் என்று ஒரு பொருள் பிறக்கவில்லை. மின்துகள்கள் வெப்பத்தை ஒருபுறமிருந்து மறுபுறம் சுமந்து செல்கின்றன, அவ்வளவே.

ஆயினும் ஒரு குறை உண்டு. சுமந்து சென்ற வெப்பம், அந்தப் பொருளின் வழியாகவே திரும்பக் கசிந்துவிடும். மின்சாரத்துக்கு வழிவிட வேண்டும். வெப்பத்தைத் தடுக்க வேண்டும். இஃது எங்ஙனம் கூடும்?

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ராமா வெங்கடசுப்பிரமணியன், அமெரிக்காவில் தம் சகாக்களுடன் 2001-இல் ஒரு விடை வெளியிட்டார். பிஸ்மத் டெல்லுரைடு, ஆன்டிமனி டெல்லுரைடு ஆகிய இரண்டையும் மிக மெல்லிய அடுக்குகளாக மாறி மாறிப் படியவைத்தனர். மின்துகள்கள் அடுக்குகளைக் கடந்தன. வெப்ப அதிர்வுகளோ தடைப்பட்டன. மயிரிழையினும் மெல்லிய அந்தப் படலம் 32 டிகிரி வரை குளிர்வித்தது. பழைய கட்டிகளைவிடச் சுமார் 23,000 மடங்கு விரைவாகக் குளிரவும் சூடாகவும் செய்தது. 2009-இல் இத்தகைய படலம், கணினிச் சில்லின் மிகச் சூடான ஒரு புள்ளியை மட்டும் ஏறத்தாழ 15 டிகிரி குளிர்வித்துக் காட்டிற்று.

இதைக் கொண்டு வீட்டைக் குளிர்விக்கலாமா என்று கேட்பீர்கள். அதற்குக் கம்ப்ரஸரே சிக்கனம். ஏலக்காய் ஸ்டோருக்கும் இது ஏற்றதன்று. சிறிய இடத்தில், வேண்டிய கணத்தில், வேண்டிய அளவு என்பதே இதன் சிறப்பு.

உங்கள் சோதனைச்சாலையில் பெல்டியே கட்டி ஒன்று கிடைத்தால், அதன் சூடேறும் புறத்தை அலுமினியத் தகட்டோடு பொருத்தி, சிறு மின்னோட்டம் செலுத்திப் பாருங்கள். பிறகு தகட்டை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் கவனியுங்கள். குளிர்ந்த புறமும் மெல்லச் சூடேறும். வெளியேற வழியில்லாத வெப்பம் திரும்பி வருகிறது என்பதை உங்கள் விரல் நுனியே சொல்லிவிடும்.