பழைய காரும் புதிய எஞ்சினும்



மோட்டார் கார் ஒன்றுக்கு உயிர் கொடுப்பது எஞ்சின். அந்த உயிரைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பது கியர்ப் பெட்டி. இவ்விரண்டையும் கழற்றிவிட்டு இக்காலத்து எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பொருத்திய பின்னர், எஞ்சி நிற்பது பழைய காரா, புதிய காரா? கேட்பதற்கு இது தர்க்கப் பயிற்சி போலத் தோன்றலாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தந்தையார் ஓட்டிய ஃபியட் காரைத் துணி போர்த்தி வாயிலில் நிறுத்தியிருக்கும் குடும்பத்தினருக்கோ இது பணமும் பாசமும் கலந்த கேள்வி. உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. கைதேர்ந்த பழைய மிஸ்திரிகள் குறைந்துவிட்டனர். "பழைய எஞ்சினை எடுத்தெறிந்துவிட்டுப் புதியதை வையுங்கள்" என்று சொல்பவர்கள் மட்டும் ஏராளம். அந்த யோசனையை ஏற்கலாமா, ஏற்பதானால் எவ்வாறு ஏற்பது என்பதைச் சற்று ஆராய்வோம்.

இதற்கு மும்பையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தாராவிக்கும் செம்பூருக்கும் இடையே கிடக்கும் குர்லாவில்தான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் அமெரிக்க வண்டிகளைப் பூட்டி விற்றது. பிறகு இத்தாலிய ஃபியட் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1100 வகைக் காரைத் தயாரித்தது. 1974-இல் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது. நான்கு சிலிண்டர்கள், 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ நாற்பது குதிரைத் திறன், ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் கியர்க் கோல், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்: இதுவே அதன் இலக்கணம். கருப்பும் மஞ்சளும் பூசி மும்பையின் வாடகைக் காராக ஓடியதும் இதுவே. கடைசியாக வாடகைக்குப் பதிவான பத்மினி, 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல் தாடதேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாயிற்று. இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியோடு அந்த வரிசை தெருவிலிருந்து விடைபெற்றது. இனிப் பத்மினியைக் காப்பது சொந்தக்காரர்களின் பொறுப்பே.

பழைய உடலில் புதிய எஞ்சினை வைக்கும் வேலையை இதே நிறுவனம் செய்து காட்டியது என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. 1985-இல் வெளிவந்த பிரீமியர் 118 என்.இ. என்ற காரின் உடல், 1966-இல் ஐரோப்பாவில் பிறந்த ஃபியட் 124-இன் உடல். அதன் வார்ப்புக் கருவிகள் ஸ்பெயின் நாட்டின் சியாட் நிறுவனத்திடமிருந்து வந்தன. உள்ளே இருந்ததோ ஜப்பானிய நிஸ்ஸானின் 1,171 கன சென்டிமீட்டர் எஞ்சின். உடல் இத்தாலியம், வழி ஸ்பெயின், எஞ்சின் ஜப்பான், பிறந்த நாடு பாரதம்! பின்னர்ப் பத்மினிக்கே இத்தாலிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி 137 டி என்று விற்றார்கள். தயாரிப்பின் இறுதிக் காலத்தில் வந்த எஸ் 1 என்ற பத்மினியில் நிஸ்ஸான் கியர்ப் பெட்டி ஏறிற்று. கியர்க் கோல் ஸ்டியரிங்கை விட்டுத் தரைக்கு இறங்கிற்று. கல்கத்தாவில் வாழும் அன்பர்கள் நன்கறிந்த அம்பாசடரும் இவ்வாறே 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பெற்றது. ஆகவே எஞ்சின் மாற்றம் கூடாத காரியம் என்று சொல்லுவதற்கில்லை. ஆனால் தொழிற்சாலைக்காரர் வரைபடம் போட்டு, சோதனை ஓட்டி, அரசின் ஒப்புதல் பெற்றுச் செய்த வேலை அது. தனி ஒருவர் பட்டறையில் செய்யும்போது அந்தப் பொறுப்பு முழுவதும் அவர் தலைமேல் வருகிறது.

பந்தயக் கார்களின் வரலாற்றிலிருந்து ஒரு புகழ்பெற்ற உதாரணத்தைக் காண்போம். இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் ஏஸ் என்ற அழகிய சிறு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து வந்தது. 1961-இல் அதற்குக் கிடைத்து வந்த பிரிஸ்டல் எஞ்சின் நின்றுபோயிற்று. அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி, அந்த இலேசான உடலில் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைக்கலாம் என்று யோசனை சொன்னார். 1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாத கார் ஒன்று விமானத்தில் கலிபோர்னியாவுக்கு வந்தது. எட்டு மணி நேரத்துக்குள் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பூட்டப்பட்டன. அதுவே கோப்ரா.

எட்டு மணி நேரம் என்பதை மட்டும் கேட்டுவிட்டு நம்மவர் சிலர் உற்சாகம் கொள்வர். அந்த எட்டு மணிக்கு முன் நடந்தவற்றையும் கேட்க வேண்டும். வேறொரு ஃபோர்டு எஞ்சினுக்காக ஏஸின் முன்புறத்தை ஏ.சி. நிறுவனத்தார் முன்பே திருத்தி அமைத்திருந்தனர். புதிய வலிமையைத் தாங்காது என்று பின் அச்சின் டிஃபரன்ஷியலையே மாற்றி, உறுதியான வேறொன்றை வைத்தனர். 1965-இல் ஏழு லிட்டர் எஞ்சினை வைக்கப் புகுந்தபோது பழைய சட்டம் போதவில்லை. மூன்று அங்குலக் குழாய்களால் ஆன சட்டத்தை நீக்கி நான்கு அங்குலக் குழாய்களால் புதிய சட்டம் செய்தனர். பட்டை ஸ்பிரிங்குகளை விட்டுச் சுருள் ஸ்பிரிங்குகளுக்கு மாறினர். எஞ்சின் ஒன்றுதான் மாறியது என்று ஊர் பேசியது. உண்மையில் எஞ்சினை ஒட்டிக் காரே மாறியது.

இந்த உண்மையை நம் ஊர்ப் பட்டறைக்குக் கொண்டு வருவோம். இக்காலச் சிறு கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தால் ஓடுபவை; அவற்றின் எஞ்சின் குறுக்கே கிடக்கிறது. பத்மினியோ பின் சக்கரத்தால் ஓடுவது. எஞ்சின் நெடுக்கே நிற்க வேண்டும். ஆகவே தெருவில் காணும் எந்த எஞ்சினையும் எடுத்து வைத்துவிட முடியாது. நெடுக்கே நிற்கும் எஞ்சினையுடைய ஜீப்பு வகை வண்டிகளை நாட வேண்டும். மாருதி ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பலர் விரும்புவதற்குக் காரணம் இதுவே. பின்னாளைய ஜிப்சி ஏறத்தாழ எண்பது குதிரைத் திறன் கொண்டது. அதாவது பத்மினியின் பழைய எஞ்சினைப்போல் இரு மடங்கு.

எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் பாதித் தொல்லை நீங்கும். வெவ்வேறு வண்டியிலிருந்து வந்தால் இரண்டுக்கும் நடுவே இணைப்புத் தட்டு ஒன்றைக் கடைந்து வைக்க வேண்டும். தாராவியின் லேத் பட்டறைகளில் இவ்வகை வேலையைச் செய்யும் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கிராங்க் தண்டின் மையமும் கியர்ப் பெட்டித் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் நாளடைவில் தேய்ந்து போகும். கண்ணளவு இங்கே செல்லாது. அளவுமானியால் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது பின் அச்சுக்கு ஓடும் நீண்ட தண்டு. புதிய கியர்ப் பெட்டி நீளமானால் தண்டைக் குறைக்க வேண்டும். குறைத்தபின் சமநிலை பார்க்காவிட்டால் வேகம் கூடுகையில் வண்டி முழுவதும் அதிரும். பிறகு கியர்க் கணக்கு. நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது கார் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடுகிறது எனக் கொள்வோம். 0.8 விகிதமுள்ள ஐந்தாம் கியர் இருந்தால் அதே வேகத்துக்கு 3,200 சுற்றே போதும். இரைச்சல் குறையும், எரிபொருளும் மிச்சப்படும். புனா சாலையில் அடிக்கடி செல்பவருக்கு இந்தப் பயன் பெரிது. மாட்டுங்காவிலிருந்து மார்க்கெட்டுக்குப் போய் வருபவருக்கு ஐந்தாம் கியரைத் தொடும் வாய்ப்பே அரிது. தமக்கு வேண்டியது எது என்று முதலில் தெளிவது நல்லது.

எல்லாவற்றினும் முக்கியமானது பிரேக். வேகம் ஒன்றரை மடங்கானால், வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. நாற்பது குதிரைத் திறனுக்கென்று அமைந்த டிரம் பிரேக்குகளை அப்படியே விட்டுவிட்டு எண்பது குதிரைத் திறனைப் பூட்டுவது, கடிவாளத்தை மாற்றாமல் குதிரையை மட்டும் மாற்றுவது போன்றது. எடையும் பார்க்க வேண்டும். 1973-இல் எம்.ஜி. நிறுவனம் தன் எம்.ஜி.பி. காரில் 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தது. அந்த எஞ்சின் அலுமினியத்தால் ஆனது. ஆதலால் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினைவிட எடை கூடவில்லை. முன் சக்கரங்களின் சுமையும் ஏறவில்லை. கனத்த டீசல் எஞ்சினை முன்புறத்தில் ஏற்றுபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று எரிபொருள். பழைய கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெல்லச் சென்றால் போதும். இன்றைய பீச்சு முறைக்கு ஏறக்குறைய பத்து மடங்கு அழுத்தம் வேண்டும். பழைய குழாயும் பழைய இரப்பரும் அதைத் தாங்கா. கசிந்தால் தீ விபத்துதான். அதனோடு மின்சாரக் கம்பிகள், உணர்விகள், எஞ்சினை ஆளும் கணிப்பொறி எல்லாம் ஒரு தொகுதியாக வர வேண்டும். குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய உதிரிப் பாகக் கடைகளில் எஞ்சின் வாங்குபவர், அதன் கம்பித் தொகுதியையும் கணிப்பொறியையும் சேர்த்து வாங்காவிட்டால் பின்னர்த் தேடி அலைய நேரும். வாங்கும் எஞ்சினுக்குரிய ஆவணத்தையும் அங்கேயே கேட்டுப் பெற வேண்டும்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. எஞ்சினை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். எரிவாயு, மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு மட்டும், உரிய நிபந்தனைகளோடு தனி வழி உண்டு. ஒப்புதல் இன்றி மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், காப்புறுதித் தொகையும் சிக்கலாகும்.

இரண்டாவது விதி 2021 ஜூலையில் வந்தது. முதற் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனம் என்று தனியே பதிந்து, வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் தரும் விதி இது. அரசு ஆவணங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், இதன் சொற்களை நிறுத்தி நிறுத்திப் படித்தோம். வண்டி அதன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும்; சட்டத்திலோ, உடலிலோ, எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. "எஞ்சினிலோ" என்ற அந்த ஒரு சொல்லில்தான் நம் கேள்விக்குரிய விலை அடங்கியிருக்கிறது. 1980-இல் பதிவான பத்மினிக்கு 2030-இல் ஐம்பது நிறைகிறது. இன்று அதன் எஞ்சினை மாற்றுபவர், அன்று திறக்கவிருக்கும் கதவை இன்றே சாத்திவிடுகிறார். தொன்மை வாகனத்தை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதும் உண்மையே. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்கும் மட்டுமே அது வெளியே வரலாம். ஆக, ஓட்டுவதா, காப்பதா என்று உடையவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நம் கருத்து இது. மூல எஞ்சின் இன்னும் காரில் இருந்து, அது செப்பம் செய்யத் தக்க நிலையில் இருந்தால் அதையே செப்பம் செய்வது மேல். சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்றி, நல்ல ரேடியேட்டர் வைத்தால் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும். பழைய மிஸ்திரியின் வித்தையும் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். மூல எஞ்சின் எப்போதோ போய்விட்ட வண்டியாயின், புதிய எஞ்சின் வைப்பதால் பெரிதாக இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஒப்புதல் பெற்று, பிரேக்கிலிருந்து தொடங்கிச் செய்யலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பவர், உடலில் வெட்டும் ஒட்டும் இன்றித் திரும்பக் கழற்றக்கூடிய முறையில் மட்டும் வேலை செய்விக்க வேண்டும். எடுத்த எஞ்சினை எடைக்குப் போடாமல், எண் குறித்து, எண்ணெய் பூசி, உறையிட்டு வைக்க வேண்டும். என்ன செய்தோம், எந்த நாளில் செய்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, எதை மாற்றுவது, எதை விடாமல் வைத்துக்கொள்வது என்பது பழகிய கணக்கு. தந்தையார் விட்டுச் சென்ற காருக்கும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதன் பின்னரே பட்டறைக்காரரை அழைப்போம்.