தலைக்கு அரை ஏக்கர்



விவசாயத்தில் நேர்ந்துள்ள மாறுதல்களைப் பற்றிப் பேசும்படி இந்தச் சபையின் காரியதரிசி பணித்தார். டிராக்டரைப் பற்றியும் சொட்டு நீர்ப்பாசனத்தைப் பற்றியும் குறிப்பு எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய கனவான், வறட்சிப் பிரதேசத்துக் குடியானவன் சோம்பேறி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டபடியால், குறிப்பு பையிலேயே கிடக்கட்டும். (கைதட்டல்)

1972-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில், இதே பூனா ஜில்லாவைச் சேர்ந்த புரந்தர் தாலுக்காவில், சொந்த நிலம் உடையவர்களே நிவாரண வேலைக்குப் போய்க் கல்லுடைத்துக் கூலி வாங்கினார்கள். அதுவா ஐயா சோம்பல்? அந்தக் காட்சியைக் கண்டு மனம் பொறாதவராய், பூனாவில் தொழிற்சாலை வைத்துச் சௌகரியமாக வாழ்ந்துகொண்டிருந்த எஞ்சினீயர் விலாஸ்ராவ் சாளுங்கே, 1974-இல் நாய்காவ் கிராமத்துக் கோயில் நிலம் நாற்பது ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, சரிவிலே வரப்புப் போட்டு, ஓடுகிற மழைநீரைக் குட்டையில் மறித்து, அதன் கீழே கிணறு வெட்டி, வானம் பார்த்த பூமியும் விளையும் என்று பிரத்தியட்சமாகக் காட்டினார்.

அதிலிருந்து பிறந்ததுதான் பானி பஞ்சாயத்து, அதாவது தண்ணீர்ப் பஞ்சாயத்து. அதன் விதிகளைக் கேளுங்கள். தண்ணீர் நிலத்தின் அளவுக்கு அல்ல, தலைக்கு. ஆளுக்கு அரை ஏக்கருக்கான பாசனம், குடும்பத்துக்கு அதிகம் போனால் இரண்டரை ஏக்கர். இருபது ஏக்கர்காரருக்கும் அதே அளவு. நிலமே இல்லாத ஏழைக்கும் பங்கு உண்டு! (பலத்த கைதட்டல்) நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை அதோடு போகாது. கரும்பு போடக் கூடாது.

கரும்பு என்றதும் முன்வரிசையில் இருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்! (சிரிப்பு) இந்த ராஜ்யத்தின் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கில் நிற்கிற கரும்பு, பாசன ஜலத்தில் பாதிக்கு மேல் குடித்துவிடுகிறது. கரும்புப் பெரியவர் ஒருவர் இருக்கிறார்: சர்க்கரை ஆலைக்கும் அவரே தலைவர், பாங்குக்கும் அவரே தலைவர், கால்வாய் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதற்கும் அவரே தலைவர். பெயர் சொல்ல மாட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

சாளுங்கே 2002-இல் காலமானார். பின்னாளில் பானி பஞ்சாயத்துக் குழுக்கள் சில தளர்ந்ததும் மெய்யே. ஆனாலும் என் மனம் சுற்றிச் சுற்றி வருவது அந்தப் பஞ்சாயத்தில் பாட்கரி எனப்படும் மனிதரிடம். முறை பார்த்து, வயல் வயலாகத் தண்ணீர் திறந்துவிடுகிற ஊழியர்; பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. எங்கள் தஞ்சைப் பக்கத்து நீர்க்கட்டியின் சகோதரர் அவர். எங்கள் ஊர் மிராசுதார் ஒரு நடுராத்திரியில் ஆளனுப்பி, தம் வயலுக்கு முந்தித் திறக்கச் சொன்னபோது, நீர்க்கட்டி, "எசமான் முறை நாளைக்குத்தான். அவசரமென்றால் எசமானே வந்து வாய்க்காலின் குறுக்கே படுத்துக்கொள்ளட்டும், தண்ணீர் தானாக அவர் வயலுக்குத் திரும்பும்" என்று சொல்லியனுப்பினார். (நெடுநேரம் சிரிப்பு) எசமான் உடம்பின் சுற்றளவு அப்படி!

அவ்விதம் சொல்லத் துணிந்தவன் இருந்ததால்தான் கடைமடைக்காரன் கஞ்சி குடித்தான். இயந்திரம் வரட்டும், குழாய் வரட்டும், நான் தடுக்கவில்லை. மடையில் நியாயம் இல்லாவிட்டால் அவை யாவும் பெரியவர் வயலுக்கே பாயும்.

ஆகையால் இந்தச் சபைக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் சால்வை போர்த்துவதாயிருந்தால் ஆலை முதலாளிகளைக் கூப்பிடாதீர்கள். புரந்தருக்கு ஆளனுப்பி, ஒரு பாட்கரியை அழைத்து வந்து, இந்த நாற்காலியில் உட்கார வையுங்கள்.