தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பயிருக்கு நோய் கண்டால் அன்றே வயலில் இறங்கிப் பார்க்கிறோம். மாடு ஒரு வேளை தீனி தின்னாவிட்டால் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். பதினான்கு வயதுப் பிள்ளை நான்கு நாட்களாக முகங்கொடுத்துப் பேசவில்லையென்றாலோ, "வயது அப்படி" என்று சொல்லிவிட்டு நம் வேலையைக் கவனிக்கிறோம். இந்த அசட்டையினால் விளையும் கேட்டைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரையில் எதையும் செய்து பார்க்கும் ஆவல் மிகும். தோழர்களின் சொல்லுக்கு மதிப்பு ஏறும். இது இயற்கை, குற்றமன்று. ஆனால், முதல் சிகரெட்டும், முதல் மதுவும், உரிமம் இன்றி ஓட்டும் மோட்டார் சைக்கிளும் எட்டிப் பார்ப்பது இப்பருவத்திலேதான். அவ்வேளையில் தாய் தந்தையர் பக்கத்தில் இருப்பதில்லை. அவர்கள் பிள்ளையின் நினைவில் இருக்கிறார்களா என்பதே முக்கியம் என்ற கருத்தை அமெரிக்கச் சமூகவியலறிஞர் டிராவிஸ் ஹிர்ஷி 1969ஆம் ஆண்டில் எழுதினார். பாசம் உள்ள இடத்தில், "அப்பா மனம் வருந்துவாரே" என்ற எண்ணமே கையைத் தடுக்கும்.

அந்தப் பாசத்தைக் காப்பது எப்படி? கண்காணிப்பு ஒன்றே போதும் என்று பலர் கருதுகின்றனர். சுவீடன் நாட்டில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்த ஸ்டாட்டின், கெர் என்ற இரு அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் வேறோர் உண்மையை வெளியிட்டனர். பிள்ளை எங்கே போகிறான், யாருடன் பழகுகிறான் என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் அறிவது வேவு பார்ப்பதனால் அன்று. பிள்ளையே வலிய வந்து சொல்வதனால்தான். அவ்வாறு சொல்லும் பிள்ளைகளிடம் தீய நடத்தையும் குறைவாகவே காணப்பட்டது. வேலி பயிரைக் காக்கும். பயிரை வளர்ப்பவை நீரும் எருவுமே.

திருவிழாவில் தோழர்களோடு சேர்ந்து பீடி குடித்ததை ஒரு சிறுவன் வீட்டில் சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். தந்தை உடனே புளியம் விளாரை எடுத்தால், அன்றைக்குப் பீடி நிற்கலாம். அதனுடன் பேச்சும் நின்றுவிடும். அடுத்த முறை அது மதுவானால், ஊர் முழுதும் அறிந்த பிறகே தந்தையின் காதுக்கு எட்டும். முழுவதையும் கேட்டு, உண்மை சொன்னதைப் பாராட்டி, "இது நமக்கு ஆகாது" என்று காரணத்தோடு உறுதியாகச் சொல்பவரே பிள்ளையைக் காப்பாற்றுகிறார்.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பதற்குக் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று பொருளன்று. சிகரெட் வாங்கிவரப் பிள்ளையைப் பெட்டிக்கடைக்கு அனுப்பும் தந்தையின் உபதேசம் பலிக்காது. வண்டிச் சாவியைக் கொடுப்பதும் அன்பாகாது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

வீடு மட்டும் முயன்றால் போதாது. ஊரும் சேர வேண்டும். ஐஸ்லாந்து நாட்டில் 1998இல், 15, 16 வயது மாணவரில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்திற்குள் போதையேறக் குடித்திருந்தனர். பெற்றோர்கள் கூடித் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டனர். மாலை வேளைகளில் கூட்டாகத் தெருக்களைச் சுற்றி வந்தனர். விளையாட்டுக்கும் கலைப் பயிற்சிக்கும் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது. 2016இல் அத்தொகை நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது.

நாமும் செய்யக்கூடியவை உண்டு. 18 வயதிற்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்திற்குள் அதனை யாருக்கும் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். இதனைக் கடைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வோம். விளையாட்டுத் திடலைச் செப்பனிடுவோம். நூலகத்தை மாலையில் திறந்து வைப்போம். கிராம சபைக் கூட்டம் ஒன்றிலாவது பிள்ளைகளின் நலனை விவாதிப்போம்.

ஆனால், முதற்படி நம் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. மகனாயினும் மகளாயினும், இன்றிரவு பிள்ளையுடன் அமர்ந்து உண்போம். மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், அன்றைய பொழுது எப்படிக் கழிந்தது என்று கேட்போம். கேட்டுவிட்டு, நாம் சிறிது நேரம் பேசாமலிருப்போம்.