தெரு நமக்கு மட்டும் சொந்தமல்ல!

(தாம்பரம் வட்டாரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையிலிருந்து...)



சமுதாயப் பிரச்சினை என்றால் இடஒதுக்கீடு, வக்ஃப் சொத்து, கல்வி என்று பேசுகிறோம். பேச வேண்டியவைதான். ஆனால் வாசலைத் தாண்டியதும் நாம் கால் வைக்கிற தெருவைப் பற்றி எந்த மேடையிலாவது பேசியிருக்கிறோமா?

கணக்கைப் பாருங்கள். 2022ல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கும் மேல்! அவ்வாண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். அதாவது காரில் போகிறவர்களைவிட, நம்மைப் போல பைக்கில் போகிறவர்களும், கடைக்கும் பள்ளிக்கும் நடந்து போகிறவர்களும்தான் அதிகம் சாகிறார்கள்.

பெயர் மாறியது, தெரு மாறவில்லை

2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. பெயர்ப் பலகை மாறியது. தெருவின் அகலம் மாறவில்லை. ஒரு தனி வீட்டை இடித்த இடத்தில் ஆறு வீடுகள் எழும்புகின்றன. ஆறு வீட்டுக்கும் சேர்த்துப் பத்து வண்டிகள். அவை நிற்பதும் தெருவில்தான், ஓடுவதும் தெருவில்தான். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அதே தெருவில்தான்.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

கடைக்கு முன்னால் இரண்டடி சாய்ப்பு இறக்குகிறோம். அதற்கு முன்னால் மூட்டை, கூடை, விளம்பரப் பலகை. அதற்கும் முன்னால் வாடிக்கையாளரின் வண்டி. கைக்குழந்தையோடு வருகிற தாய் எங்கே நடப்பாள்? லாரி ஓடுகிற இடத்தில்தான் நடப்பாள். குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர், அதாவது ஆறடி, இருக்க வேண்டும் என்கிறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வரையறை. நம் கடைத்தெருவில் ஆறடி வேண்டாம், ஓரடி காட்ட முடியுமா?

கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி 2012ல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறியது. இரண்டடி இடத்தை விட்டுக்கொடுத்தால் வியாபாரம் போய்விடும் என்று அஞ்சாதீர்கள். நிம்மதியாக நடந்து வருகிறவர்தான் நின்று சரக்கு பார்ப்பார்.

அதற்காகத் தள்ளுவண்டிக்காரரை விரட்டச் சொல்லவில்லை. 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் பாதுகாப்புத் தந்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களே இருக்க வேண்டும். எங்கே வண்டி நிறுத்துவது என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

இளைஞர்களே!

வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. 30ல் போகும்போது குழந்தைக்கு முன்னால் நிற்கிற வண்டி, 60ல் போனால் குழந்தையைத் தாண்டித்தான் நிற்கும்! 18 வயதாகாத தம்பியிடம் சாவியைக் கொடுக்கிற அண்ணன்மார் கவனிக்க வேண்டும். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

விபத்து நடந்தால் செல்போனில் படம் பிடிக்காதீர்கள், தூக்குங்கள். உதவியவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று அதே சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 2021ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்கிறது.

வேகத்தடை வேண்டுமென்று நாமே சிமெண்டைக் கொட்டி மேடு கட்டுவதும் ஆபத்து. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, கண்ணில் படும் பட்டைக்கோடு என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரவில் தெரியாத மேடு உயிரைக் காப்பாற்றாது, உயிரை எடுக்கும். எழுதிக் கொடுத்து, முறையாகப் போட வைப்போம்.

ஜும்ஆ நேரம்

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தெருவின் இருபுறமும் வண்டிகள் அடைத்து நிற்கின்றன. அந்த நேரத்தில் ஒரு 108 ஆம்புலன்ஸ் வந்தால்? உள்ளே இருப்பவர் எந்த மதத்தவராயினும் ஓர் உயிர்தானே! பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானைச் சேர்ந்தது என்று கற்ற சமுதாயம், தானே இடையூறாகலாமா? ஒவ்வொரு ஜும்ஆவிலும் நான்கு இளைஞர்கள் தொண்டராக நின்று, ஒரு பக்கத்தை முழுக்கக் காலியாக வைத்தால் போதும்.

பொது இடம் எங்கே?

பிள்ளைகள் ஏன் தெருவில் விளையாடுகிறார்கள்? மைதானம் இல்லாததால். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் நகரில் அந்த இடம் எது? பூங்காவா, புதரா, யாரோ ஒருவரின் கார் ஷெட்டா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அங்கீகரிக்கப்பட்ட மனை வரைபட நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு நம் கையில் இருக்கிறது.

நகர்ப்புறத்தில் வார்டு குழு இருக்கிறது, பகுதி சபா இருக்கிறது. ஊராட்சியில் கிராம சபை இருக்கிறது. அங்கே போய் உட்காருங்கள். நாம் மட்டும் போகக்கூடாது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியையும், எதிர்வீட்டு ஆசிரியரையும், தெருமுனை ஆட்டோக்காரரையும் அழைத்துப் போங்கள். தெருவிளக்கு எல்லோருக்கும்தானே எரிகிறது! ஒரே மனுவில் எல்லாச் சமுதாயத்தவரின் கையெழுத்தும் இருந்தால், அதைத் தள்ளிப்போட யாருக்கும் துணிவு வராது.

இந்தக் கூட்டம் கலைவதற்குள் மூன்று முடிவு எடுப்போம். நாளைக் காலை கடையைத் திறக்கும்போதே சரக்கு இரண்டடி உள்ளே போகட்டும். வருகிற ஜும்ஆவில் தொண்டர்கள் நிற்கட்டும். அடுத்த பகுதி சபாவுக்குள் நம் மனு தயாராகட்டும்.

கோரிக்கை வைக்கிற கை, முதலில் தன் வாசலைச் சுத்தம் செய்த கையாக இருக்கட்டும். அப்போதுதான் நம் குரலுக்கு மதிப்பு.