பொங்கற்பானையும் மண்பாண்டத் தொழிலும்



இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதும் நமக்குப் பானையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். தகுதி ஒன்றே ஒன்றுதான். சென்ற பொங்கலன்று இக்காலனி முற்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் உடைந்த பானை நாம் வாங்கி வந்ததாகும்! பால் பொங்குமுன் பானை 'பட்'டென்று பிளந்தது. பால் முழுவதும் அடுப்பினுள் போயிற்று. பெரியவர்கள் முகம் வாடினர். எவரும் நம்மைக் குறை கூறவில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

மறு ஞாயிறன்று உடைந்த ஓட்டுடன் டில்லி உத்தம் நகர்க் குயவர் தெருவிற்குச் சென்றோம். முதியவர் ஒருவர் ஓட்டைத் தட்டிப் பார்த்தார். "பாபுஜி, இது தண்ணீர்ப் பானை. அடுப்பில் ஏற்றலாமா?" என்று சிரித்தார். அன்று மாலை வரை அவர் தொழிலைப் பார்த்திருந்தோம்.

களிமண் என்பது ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்களைக் கொண்ட பாறைகள் நெடுங்காலம் சிதைந்து உண்டானது. அதன் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள் போன்றவை. இடையில் நீர் நிற்கும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஆகவே மண் நினைத்த வடிவிற்கு வளைகிறது. மண்ணை ஊறவைத்து, கல் பொறுக்கி, மிதித்துப் பிசைகின்றனர். சக்கரத்தின் நடுவில் உருண்டையை நிறுத்திக் கட்டைவிரலால் குடைந்து சுவரை எழுப்பிய பின், நூலால் அறுத்து எடுக்கின்றனர். பாதி உலர்ந்ததும் உள்ளே ஒரு கல்லைத் தாங்கி, வெளியே பலகையால் தட்டுகின்றனர். இவ்வளவு அடியையும் தாங்கிச் சுவர் மெலிந்து வயிறு பருப்பது காணத்தக்க காட்சி!

பின்னர் நிழலில் உலர்த்துதல். நீர் வெளியேற வெளியேற மண் சுருங்கும். ஒரு பக்கம் முந்தி உலர்ந்தால் விரிசல்தான். ஈரம் எஞ்சிய பானை சூளையில் நீராவியால் வெடித்துவிடும். ஆதலால் முதலில் இளந்தீயே மூட்டுவர். சுமார் 500, 600 டிகிரி சென்டிகிரேடில் மண்ணின் உட்கூறாகவே கலந்திருந்த நீரும் அகல்கிறது. அதன்பின் எவ்வளவு ஊறினாலும் அது மீண்டும் சேறாகாது.

இத்தகைய பானையில் நுண்துளைகள் எஞ்சியிருக்கும். அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால்தான் டில்லிக் கோடையிலும் பானைத் தண்ணீர் குளிர்கிறது. சமையற்பானையின் இலக்கணம் வேறு. அடுப்பில் அடிப்புறம் முந்திச் சூடேறி விரியும், உட்புறம் பின்தங்கும். அந்த இழுபறியைத் தாங்க மண்ணுடன் மணல் கலக்கின்றனர். அடியை உருட்டாகவும் சுவரை மெல்லியதாகவும் செய்கின்றனர். நாம் வாங்கியதோ தட்டை அடியும் தடித்த சுவரும் உடையது. மணல் என்பதே இல்லை. விலை குறைவு என்று மகிழ்ந்து வாங்கினோம்!

பீங்கான் மற்றொரு வகை. வெண்களிமண், ஃபெல்ஸ்பார், படிகக்கல் தூள் ஆகியவற்றைச் சேர்த்து 1,300 டிகிரியை ஒட்டிச் சுடும்போது, உருகிய பகுதி கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. அலிகார் செல்லும் வழியில் உள்ள குர்ஜா நகரம் வெண்ணிறக் கோப்பைகளுக்குப் பெயர் பெற்றது. நமது மின்சார இரயில் பாதைகளில் கம்பியைத் தாங்கும் பீங்கான் காப்புகளும் இவ்வினத்தவையே.

அம்முதியவரிடம் மணல் கலந்த பானை ஒன்று சொல்லிச் செய்வித்துள்ளோம். கஞ்சி ஊற்றிப் பழக்கி, மும்முறை சோறு வடித்தும் பார்த்தாயிற்று. வரும் தை முதல் நாள் அதே முற்றத்தில் அது அடுப்பேறும். பாலுக்கு மட்டும் வேறு அன்பர் எவரேனும் பொறுப்பேற்க வேண்டுகிறோம்.