மன்னாரிலிருந்து மாத்தளைக்கு



நம் பாட்டன் பாட்டிமார் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டால், நம் வீட்டுப் பிள்ளைகள் உடனே கப்பல் என்று சொல்லிவிடுவார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய கதையை நாம் கேட்டே வளர்ந்தோம். ஆனால், நம்மைப் போலவே தோட்ட வேலைக்குப் புறப்பட்ட இன்னொரு கூட்டம் கடலைக் கடந்த பிறகும் கால்நடையாக நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது. அவர்கள் இலங்கை மலையகத்து மக்கள்.

பாம்பன், தொண்டி முதலிய கரைகளில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். மலை அங்கே இல்லை. வெயில் காய்ந்த மணல், உடைமரம், முட்புதர், அதற்கப்பால் யானை திரியும் காடு. மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை சேர ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நம் சாலாக் செலாத்தானிலிருந்து புறப்பட்டால் ஈப்போவையும் தாண்டிச் சுங்கை சிப்புட்டை எட்டிவிடும் தூரம், நேயர்களே! தைப்பூசத்துக்கு மகா மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலைவரை ஓர் இரவு நடந்தாலே நமக்குக் கால் வீங்கிவிடுகிறது. அவர்களோ தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக, நாள்கணக்கில் நடந்தார்கள். குளத்து நீர் கிடைத்த இடத்தில் கஞ்சி. இருட்டிய இடத்தில் படுக்கை. காலராவும் மலேரியாவும் பலரை வழியிலேயே கொண்டு போயின. கங்காணி கொடுத்த முன்பணமோ, தோட்டத்தை மிதிக்குமுன்பே கடனாக ஏறி நின்றது.

முதலில் இது ஒருவழிப் பயணமாக இருக்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் அதே காட்டு வழியில் ஊர் திரும்பினார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து பருவம் பார்ப்பதில்லை, ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். வந்தவர்கள் லயங்களிலேயே தங்கிவிட்டார்கள். அப்படித் தங்கி உழைத்தவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. பல இலட்சம் பேர் நாடற்றவராயினர்.

1823இல் முதற்கூட்டம் வந்ததாகக் கொண்டு, 200 ஆண்டு நிறைவில் அந்தப் பழைய வழியை மீண்டும் நடந்தார்கள். 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தார்கள். பெண்களும் முதியவர்களும் நடந்தார்கள். வழியூர்களில் தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் வரவேற்றார்கள். 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று அந்த நடைக்குப் பெயர். கூலி என்று ஏசப்பட்டவர்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயர் அது. நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானவை, குடியிருக்க உரிமையுள்ள நிலமும் வீடும், வாழப் போதுமான சம்பளமும். தோட்டம் துண்டுபட்டு விற்கப்பட்டபோது வேலையோடு வீட்டையும் இழந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாட்டன் காலத்து லயத்து அறையிலேயே அடுப்பு மூட்டும் குடும்பங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன.