பாலிசி எடுக்கும் முன் ஒரு கணக்கு



குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக்காரர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா அருவிக்கரையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சா? "ஜி.எச்.சுக்கா, பிரைவேட்டுக்கா?" என்று அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அரசு காப்பீட்டு அட்டைக்குத் தகுதி இருந்தும் எடுக்காமல், ஆபரேஷனுக்கு நகையை அடகு வைத்தது.

அதனால், இருப்பதை முதலில் பாருங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளியாகப் பார்க்க காப்பீட்டு அட்டை வேண்டாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான்.

சாலை விபத்துக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் உண்டு. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டை தேவையில்லை. சீசனுக்கு வரும் வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும்.

அப்போ தனியார் பாலிசி வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஜி.எச்.சில் கூட்டம் இருக்கும்; பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலி ஹைகிரவுண்டுக்கு அனுப்பலாம். வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்குப் பாலிசி நல்ல துணை. ஆனா கையெழுத்துப் போடும் முன் நாலு விஷயம் கேளுங்க. விபத்து தவிர மற்றவற்றுக்கு வழக்கமாக முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏற்கனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா? நம் ஊர்ப் பக்கம் எந்த மருத்துவமனையில் பணம் கட்டாமல் சேரலாம்? சுகர், பிரஷர் இருந்தால் மறைக்காதீர்கள். பணம் கேட்கும்போது அதைக் காட்டியே மறுப்பார்கள்.

என் கணக்கு இதுதான்: தகுதி இருந்தால் அரசு அட்டை முதலில். கடன் வாங்காமல் வருஷா வருஷம் கட்ட முடிந்தால் மட்டும் பாலிசி. கட்டுவது நின்றால் காப்பீடும் நின்றுவிடும்.

அட்டை பற்றிய சந்தேகங்களுக்கு 1800 425 3993. மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. மூன்றையும் இப்பவே போனில் பதிந்துகொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சாரல் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.